நிற்கும் காரின் பேட்டரி: வாரம் பத்து நிமிஷம் ஓட விட்டால் போதுமா?

ஆறு மாசம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "காரை வாரத்துக்கு ஒரு தடவை யாரையாவது விட்டு ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விடச் சொல்லுங்க. பேட்டரி இறங்காது." மெக்கானிக் சொல்வார், வாட்ச்மேன் சொல்வார், மச்சானும் சொல்வார். 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது நாடு முழுக்கக் கார்கள் ஒரே நாளில் நின்றன. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இந்த வைத்தியத்தை ஞாயிறு தவறாமல் செய்தவர்கள் பலர். மே மாசக் கடைசியில் அவர்களில் சிலருடைய வண்டியும் "டிக் டிக்" என்று மட்டும்தான் சொன்னது. எதுவுமே செய்யாதவர்களின் வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஏன் அப்படி என்று அப்போதே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்போது அதைத் தூசி தட்ட ஒரு காரணம் வந்துவிட்டது. ஒரத்தநாடு பக்கம் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, போன வருஷம் ஸ்டென்ட் வைத்தது. ஷெட்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் நிற்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்தாலே அதிகம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி சுமார் 25 கிலோமீட்டர். 108 வரும்தான். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து சாவியைத் திருப்பினால் அந்த வண்டி கிளம்ப வேண்டும். இப்போதைக்கு அந்தக் காருக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பூட்டி வைத்த கார் தூங்குவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு ரிசீவர் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். அலாரம், கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவகம், எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும். பெரும்பாலான கார்களில் இவை எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை வரும். அப்பாவின் காரில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 30 காட்டியது. கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 5, மாசத்துக்கு 21.6. சின்ன பெட்ரோல் கார்களில் வரும் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணிதான். (பேட்டரி மேல் 38பி20எல் என்று போட்டிருப்பதைப் பார்த்து 38 ஆம்பியர்-மணி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது ஜப்பான் நாட்டுத் தரக் குறியீடு. 38 என்பது திறனுக்கான ஒரு தரவரிசை எண், 20 என்பது பெட்டியின் நீளம், சென்டிமீட்டரில்.) ஆக, ஒரே மாசத்தில் பேட்டரியின் பாதிக்கு மேல் காலி. மூணு வருஷம் ஓடிய பேட்டரி என்றால் அதன் உண்மையான கொள்ளளவே 35 இருக்காது.

இதில் வெளியிலிருந்து வாங்கி மாட்டிய சாமான்களைச் சேர்க்கவில்லை. ஜிபிஎஸ் டிராக்கர், பார்க்கிங் நேரத்திலும் ஓடும் டேஷ் கேமரா மாதிரியானவை இருந்தால் கணக்கு மாசத்திலிருந்து நாளுக்கு வந்துவிடும். சாவி இல்லாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் கார்களில் இன்னொரு சங்கதி. சாவியைப் போர்டிகோ சுவரிலேயே ஆணியில் மாட்டி வைத்தால், பல கார்கள் சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்கும். சாவியை உள் அறைக்குக் கொண்டுபோவது காசில்லாத வைத்தியம்.

இப்போது அந்தப் பத்து நிமிஷ வைத்தியம். "ஸ்டார்ட் பண்றதே நிறைய சார்ஜைத் தின்னுடும்" என்று இன்னொரு கட்சி உண்டு. அதுவும் சரியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு நொடியில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது என்று வைத்தால் செலவு 0.08 ஆம்பியர்-மணிதான். பூட்டி நிற்கும் கார் மூணு மணி நேரத்தில் சத்தமில்லாமல் குடிப்பது அதே அளவு. சிக்கல் செலவில் இல்லை, வரவில் இருக்கிறது. ஐடிலில் ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர், எஞ்சினுடைய சொந்தத் தேவை போக, பேட்டரிக்குப் பத்து ஆம்பியர் தாராளமாகக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷத்துக்கு 1.7 ஆம்பியர்-மணி. வாரச் செலவோ 5. அதாவது ஒவ்வொரு வாரமும் மூணுக்கு மேல் கடன். ஐந்தாறு வாரத்தில் பாதி பேட்டரி போய்விடும், நாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம் என்ற திருப்தியோடு.

அரை மணி நேரம் ஓட விட்டால் கணக்கு நேராகிவிடாதா? காகிதத்தில் ஆகும். நிஜத்தில், பேட்டரி நிறைய நிறைய அது உள்ளே வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மிச்சம் 20 சதவீதம் ஏற, எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் இருந்தாலும், மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிக்கணக்கை நின்ற இடத்தில் எஞ்சினை ஓட்டி யாரும் கொடுக்கப்போவதில்லை. தவிர, சூடே ஏறாமல் நிறுத்தப்படும் எஞ்சினின் சைலன்சரில் தண்ணீர் தங்கும், எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ஓட்டிவிட்டு வருவதென்றால் முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வரணும். அதற்கு ஆள் இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம்.

காலியானால் மறுபடி சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். செல்போன் அப்படித்தானே? ஈய-அமில பேட்டரி அப்படியில்லை. 1859-ல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்து காட்டியதிலிருந்து இன்றுவரை உள்ளே நடப்பது ஒன்றுதான். ஒரு தகட்டில் ஈயம், இன்னொன்றில் ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் இறங்க இறங்க இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் போட்டால் சல்பேட் கரைந்து பழையபடி ஆகும். ஆனால் புதிதாகப் படிந்த சல்பேட் பொடிப்பொடியாக இருக்கும், உடனே கரையும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால்?

பனங்கற்கண்டு எப்படி விளைகிறது என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காய்ச்சிய பதநீர்ப் பாகைப் பானையில் நூல் கட்டி, அசைக்காமல் விட்டுவிடுவார்கள். வாரக்கணக்கில் அது நூலைப் பிடித்துப் பெரிய பெரிய கட்டியாக விளையும். பேட்டரித் தகட்டிலும் அதே சங்கதி. சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டும். பெரியவை கெட்டியாகும், மின்சாரத்தைக் கடத்தாது, சார்ஜ் போட்டாலும் லேசில் கரையாது. இதைத்தான் பேட்டரிக் கடையில் "சல்பேட் புடிச்சிடுச்சு சார்" என்பார்கள். பேட்டரி செத்தது ஸ்டார்ட் ஆகாத அந்தக் காலையில் இல்லை. அதற்கு முன்னால் அரைகுறை சார்ஜில் நின்ற ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது.

வெயில் இதை இன்னும் துரிதப்படுத்தும். காரிலிருந்து கழற்றியே வைத்தாலும் பேட்டரி தானாக இறங்கும். இப்போது வரும் கால்சியம் கலந்த தகடுகளில் அது 25 டிகிரியில் மாசத்துக்குச் சில சதவீதம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை மாசம் தகர ஷெட்டுக்குள் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பனி நாட்டுக்காரர்களின் கவலை வேறு மாதிரி. நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. காலியான பேட்டரியோ மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். அதனால்தான் குளிர்காலத்துக்குக் காரை ஷெட்டில் போட்டு மெயின்டனன்ஸ் சார்ஜர் மாட்டும் பழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. நம் ஊரில் அந்தச் சாமானையே வேறு காரணத்துக்காக, கொஞ்சம் வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

அது என்ன செய்கிறது? முதலில் ஒரு நிலையான கரண்டைச் செலுத்திப் பேட்டரியைத் தூக்கும். வோல்டேஜ் 14.4 பக்கம் வந்ததும் அங்கேயே பிடித்துக்கொண்டு, உள்ளே போகும் கரண்ட் தானாகக் குறையும்வரை காத்திருக்கும். பிறகு 13.5 வோல்ட் சுமாருக்கு இறங்கி, அப்படியே இருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஃப்ளோட் என்று பெயர்.

அந்த 13.5 எங்கிருந்து வந்தது? நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். அதைவிடக் கொஞ்சம் மேலே பிடித்து வைத்தால், தானாக இறங்கும் அளவு தானாகவே ஈடாகிவிடும். ரொம்ப மேலே போனால், அதாவது 14.4-ஐத் தாண்டினால், அமிலத்திலுள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிய ஆரம்பிக்கும். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் பிரிய 1.23 வோல்ட் போதும் என்று பள்ளிக்கூட வேதியியல் சொல்கிறது. ஈய-அமில பேட்டரியின் ஒரு செல்லோ 2.1 வோல்ட். அந்தக் கணக்குப்படி இந்த பேட்டரி வைத்த இடத்திலேயே கொதித்துக் காலியாகியிருக்க வேண்டும்! அப்படி ஆகாததற்குக் காரணம், ஈயத்தின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மகா மந்தமான வேலை. அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் 160 வருஷமாக வண்டி ஓடுகிறது. பழைய பேட்டரிகளில் தகட்டுக்கு உறுதி கொடுக்கச் சேர்த்த ஆன்டிமனி அந்தச் சோம்பலைக் கொஞ்சம் கலைத்துவிடும். அவற்றுக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்ததும், கால்சியத்துக்கு மாறியதும் இதனால்தான்.

13.5-ஐ ஆறு செல்லால் வகுத்தால் செல்லுக்கு 2.25 வோல்ட். இந்த எண் கார்க்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் 24 செல்களை வரிசையாக மாட்டி 48 வோல்ட் பேட்டரி வைத்திருப்பார்கள். அது பல பத்தாண்டுகளாக 54 வோல்ட்டில் மிதந்துகொண்டிருந்தது. 54-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 2.25. ஊரே இருட்டில் கிடந்தபோதும் வீட்டு லேண்ட்லைனில் டயல் டோன் கேட்டதே, அந்த பேட்டரி இதுதான். 2012 மின்வெட்டில் நாம் எல்லோரும் வாங்கி வைத்த இன்வெர்ட்டருக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வேலை. ஆனால் அந்த இன்வெர்ட்டரிலேயே கார் பேட்டரியை மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஏற்றபடி கரண்டைத் தள்ளும். 35-க்கு அது அதிகம்.

ஃப்ளோட்டில் இருக்கும்போது கார் குடிக்கும் 30 மில்லி ஆம்பியரைச் சார்ஜரே கொடுத்துவிடும். பேட்டரி வெறும் பார்வையாளர். அதனால் பெரிய சார்ஜர் தேவையில்லை. ஒரு ஆம்பியர் சார்ஜரே 30 மில்லி ஆம்பியருக்கு முப்பது மடங்குக்கு மேல். நான்கு ஆம்பியர் வரை உள்ளது எதுவும் இந்த அளவு பேட்டரிக்குச் சரிதான். செலவும் பயப்படும்படி இல்லை. ஃப்ளோட்டில் சார்ஜர் ஐந்து வாட் எடுத்தாலும் மாசத்துக்கு 3.6 யூனிட்.

இனி நம் ஊருக்கு உரிய இரண்டு தலைவலி. முதலாவது வெப்பம். 13.5 என்பது 25 டிகிரிக்கான எண். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஆறு செல்லுக்கும் சேர்த்துச் சுமார் 24 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். 40 டிகிரி ஷெட்டில் அது 0.36 வோல்ட். அதாவது அங்கே சரியான ஃப்ளோட் 13.1 அல்லது 13.2. வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இருந்தால் நல்லது. அப்படி இல்லாமல் 13.8-ல் பிடித்துக்கொண்டே இருக்கும் சார்ஜரை நம் கோடையில் மாசக்கணக்கில் மாட்டி வைத்தால், சல்பேட்டுக்குப் பதிலாகப் பாசிட்டிவ் தகட்டின் சட்டம் அரித்துச் சாகும். இரண்டாவது கரண்ட் கட். போன கரண்ட் திரும்பி வந்ததும் சில சார்ஜர்கள் முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஒரு நாளில் நான்கு தடவை கட் ஆனால் நான்கு தடவை 14.4-க்குப் போய் வரும். வேறு சில, பட்டனை யாராவது அமுக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். வாங்கியதும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்கள், எந்த ஜாதி என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்தால், வீட்டில் சுறுசுறுப்பான ஆள் ஒருவர் இருக்கும் பட்சத்தில், எந்நேரமும் மாட்டி வைப்பதைவிடப் பதினைந்து நாளுக்கு ஒரு ராத்திரி மட்டும் சார்ஜரைப் போட்டு எடுப்பதே நம் வெயிலுக்கு நல்லது என்பது என் கட்சி. பதினைந்து நாளில் 11 ஆம்பியர்-மணிதான் இறங்கியிருக்கும். நான்கு ஆம்பியர் சார்ஜருக்கு அது ஒரு ராத்திரி வேலை. அப்பாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பானெட்டைத் தூக்கிக் கிளிப் மாட்டும் வேலையை அவரிடம் கொடுக்கவும் எனக்கு மனசில்லை. அதனால் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் சார்ஜரை நிரந்தரமாக மாட்டியிருக்கிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு வயர் முன் கிரில் வழியாக வெளியே தொங்கும். அதன் நுனியில் இழுத்தால் கழன்றுவிடும் ஒரு கனெக்டர். கார் சாவி தொங்குவது சார்ஜர் பிளக்குக்குப் பக்கத்து ஆணியில். சாவி எடுக்கப் போகிறவர் வயரைப் பார்க்காமல் போக முடியாது. (அது பழைய மாதிரிச் சாவி, அதனால் பரவாயில்லை.) "இதுக்கு மாட்டைக் கட்டி வச்ச மாதிரி கட்டி வச்சிருக்கியேப்பா" என்றார் அப்பா.

மாட்டும் முறையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது மாட்டணும். முதலில் சிவப்பு பிளஸ்ஸில், பிறகு கருப்பை பேட்டரியின் மைனஸில் நேராக வைக்காமல், சற்றுத் தள்ளி பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில். சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கலாம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். நின்றால் எஞ்சின் தானாக அணையும் புதுக் கார்களில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். அது சார்ஜைச் சரியாக எண்ணுவதற்கும் கருப்பு பாடியில் இருப்பதுதான் சரி. அந்தக் கார்களில் ஏஜிஎம் பேட்டரி இருந்தால் சார்ஜரிலும் அதற்கான மோடு வேண்டும். "ரிப்பேர்", "ரீகண்டிஷன்" என்று 15 வோல்ட்டுக்கு மேல் போகும் பட்டன் இருந்தால், பேட்டரி காரில் இணைந்திருக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

ஷெட்டில் பிளக் பாயின்டே இல்லை என்றால்? பேட்டரியை நிறைய சார்ஜ் செய்து, 10 நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்றி விடுங்கள். 30 மில்லி ஆம்பியர் பூஜ்யமாகிவிடும், தானாக இறங்குவது மட்டும் மிச்சம். நம் வெப்பத்தில் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்து, 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். கடிகாரமும் ஸ்டீரியோவும் மறந்துபோகும், ஜன்னலின் ஆட்டோ பட்டனுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம். வெளிநாடு போகிறவருக்கு இதுவே போதும். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய காருக்கு ஆகாது.

கஜா மாதிரி ஒரு புயல் வந்தால் சார்ஜர் என்ன செய்யும் என்று அம்மா கேட்டார். 2018 நவம்பரில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜர் ஒன்றும் செய்யாது. ஆனால் கரண்ட் போகும் நிமிஷத்தில் பேட்டரி முழுசாக இருக்கும், அங்கிருந்து மூணு வாரம் தாங்கும். அரைகுறையாக நின்றிருந்தால் அந்த மூணு வாரம் கிடையாது.

கடைசியாக, மலிவு விலைச் சார்ஜர்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கலர் டிஸ்பிளேயோடு நிறைய வருகின்றன. அட்டைப் பெட்டியில் "ஸ்மார்ட்", "ஏழு ஸ்டேஜ்" என்றெல்லாம் போட்டிருக்கும். அதை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மாட்டி ஒரு முழு நாள் விட்டு, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 13.1-லிருந்து 13.6-க்குள் இருந்தால் அது மெயின்டனன்ஸ் சார்ஜர்தான். 14.4-லேயே நின்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் சார்ஜர். ராத்திரி போட்டுக் காலையில் எடுத்துவிட வேண்டும். 12.7 காட்டினால் அவசரப்பட வேண்டாம். சில சார்ஜர்கள் நிறைந்ததும் அணைந்துவிட்டு, வோல்டேஜ் இறங்கினால் மறுபடி எழும். இரண்டு மூன்று நாள் பாருங்கள். எழுந்தால் நம் வெயிலுக்கு அது இன்னும் நல்ல ரகம். 12.5-க்குக் கீழே போயும் எழவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வயர் தரையில் கிடக்காமல் கொக்கி போட்டு மேலே கொண்டுபோங்கள். எங்கள் ஷெட்டில் எலி இருக்கிறது.